உங்கள் கம்ப்யூட்டரைத் தூங்க வையுங்கள்!

ஹைபிரிட் கார் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெட்ரோல் இன்ஜின், மின் மோட்டார் இரண்டும் ஒரே வண்டியில் இருக்கும். டொயோட்டா நிறுவனம் 1997 டிசம்பரில் ஜப்பானில் ப்ரியஸ் என்ற காரை விற்பனைக்குக் கொண்டு வந்த பிறகுதான் இந்த வகைக் கார்கள் உலகெங்கும் பேசப்பட்டன. சிக்னலில் வண்டி நின்றால் இன்ஜின் தானாக நின்றுவிடும். பச்சை விளக்கு எரிந்ததும் மோட்டார் வண்டியை நகர்த்தும். நிற்கும் நேரத்தில் பெட்ரோல் எரியக் கூடாது என்பதுதான் இதில் உள்ள எளிய கணக்கு.

அப்படி ஒரு கார் வாங்க நம்மில் பலருக்கு வசதி இருக்காது. ஆனால் உங்கள் மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டருக்குள் இதே ஏற்பாடு, தனியாக எந்தக் கட்டணமும் இல்லாமல் தரப்பட்டுள்ளது. பல வீடுகளில் அதைத் தொட்டுப் பார்ப்பது கூட இல்லை. காலையில் ஆன் செய்த கம்ப்யூட்டர், இரவு படுக்கப் போகும் வரை ஓடிக் கொண்டே இருக்கும். கேட்டால், "அதான் ஸ்கிரீன் சேவர் வருதே சார்!" என்ற பதில் கிடைக்கும்.

இந்த "சேவர்" என்ற சொல்தான் பலரையும் ஏமாற்றுகிறது. ஸ்கிரீன் சேவர் காப்பாற்றுவது மின்சாரத்தை அல்ல, மானிட்டர் திரையை. முன்பு நாம் பயன்படுத்திய, பின்பக்கம் டிவி போல நீண்டிருக்கும் சிஆர்டி மானிட்டர்களில் ஒரே படம் பல மணி நேரம் அசையாமல் நின்றால், திரையின் உட்புறம் பூசப்பட்ட பாஸ்பர் பூச்சில் அதன் தடம் நிலையாகப் பதிந்துவிடும். அதைத் தடுக்கவே அசையும் படங்களைக் காட்டினார்கள். இப்போதைய எல்இடி மானிட்டர்களுக்கு அந்தப் பயம் அநேகமாக இல்லை. மீன் நீந்துவது, குழாய்கள் வளைந்து வளர்வது போன்ற முப்பரிமாண ஸ்கிரீன் சேவர்கள், கம்ப்யூட்டருக்கு வேலை கொடுத்து மின்செலவைக் கூட்டவும் செய்யும்.

நீங்களே அளந்து பாருங்கள்

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். உங்கள் வீட்டு மின் மீட்டரைப் பயன்படுத்தி நீங்களே அளக்கலாம். எலக்ட்ரானிக் மீட்டர் என்றால், அதில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னிக் கொண்டிருக்கும். அதன் அருகே ஒரு யூனிட்டுக்கு எத்தனை இம்பல்ஸ் என்று அச்சிடப்பட்டிருக்கும். 3200 என்று இருந்தால், அந்த விளக்கு 3200 முறை மின்னினால் ஒரு யூனிட் செலவாகிறது என்று பொருள். சில மீட்டர்களில் 1600, 6400 எனவும் இருக்கும்.

வீட்டில் உள்ள பிரிட்ஜ், பேன், விளக்கு என எல்லாவற்றையும் பத்து நிமிடம் நிறுத்திவிடவும். (வீட்டில் உள்ளவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. டிவி சீரியல் நேரத்தில் இந்தச் சோதனை வேண்டாம்!) கம்ப்யூட்டரும் மானிட்டரும் மட்டும் ஓடட்டும். யுபிஎஸ் இருந்தால் அதை விலக்கி, நேராகச் சுவர் பிளக்கில் இணைத்திடவும். இல்லையெனில் அதன் பேட்டரி சார்ஜ் ஆவதும் கணக்கில் சேர்ந்துவிடும். இப்போது பத்து நிமிடத்தில் விளக்கு எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணிடவும்.

என் டெஸ்க்டாப் கம்ப்யூட்டரை இப்படி அளந்தேன். எந்த புரோகிராமையும் இயக்காமல் சும்மா வைத்திருந்தபோது 43 முறை மின்னியது. ஒரு மணி நேரத்திற்கு ஆறு மடங்கு, அதாவது 258. இதை 3200ஆல் வகுத்தால் 0.08 யூனிட். அதாவது என் கம்ப்யூட்டர் ஒரு வேலையும் செய்யாமல் சுமார் 80 வாட் எடுத்துக் கொள்கிறது. பிறகு அதை ஸ்லீப் நிலைக்கு அனுப்பி மீண்டும் எண்ணினேன். பத்து நிமிடத்தில் ஒரே ஒரு முறைதான் மின்னியது! சுமார் 2 வாட்.

இனி கணக்கு எளிது. உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் நாளொன்றுக்கு 10 மணி நேரம் ஆன் நிலையில் உள்ளது, அதில் நீங்கள் பயன்படுத்துவது 3 மணி நேரம் என்று வைத்துக் கொள்வோம். மீதி 7 மணி நேரமும் 80 வாட் வீதம் 560 வாட் மணி, அதாவது நாளுக்கு அரை யூனிட்டுக்கும் சற்று மேல். ஓர் ஆண்டில் இது 204 யூனிட். அதே 7 மணி நேரம் கம்ப்யூட்டர் தூங்கினால் ஆண்டுக்கு 5 யூனிட்தான். மிச்சம் ஏறத்தாழ 200 யூனிட்.

மின் கட்டணத்தில் இது எவ்வளவு என்பது நீங்கள் எந்த ஸ்லாபில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. புகையைப் பொறுத்தவரை எல்லாருக்கும் ஒரே கணக்குதான். நம் நாட்டில் மின்சாரத்தின் பெரும்பகுதி இன்னமும் நிலக்கரியில் இருந்துதான் வருகிறது. மேட்டூர், தூத்துக்குடி, வட சென்னை அனல் மின் நிலையங்கள் நமக்குத் தெரிந்தவையே. காற்றாலை, சூரிய ஒளி, நீர் மின்சாரம் எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி பார்த்தாலும், ஒரு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் கரியமில வாயு வெளியாவதாக மத்திய மின்சார ஆணையத்தின் கணக்குகள் காட்டுகின்றன. 200 யூனிட்டுக்கு 140 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வருகிறது. அப்படியானால், யாரும் பார்க்காத ஒரு திரைக்காக ஆண்டுதோறும் 60 லிட்டர் பெட்ரோலை எரிப்பதற்குச் சமமான புகையை வெளியிடுகிறோம். ஹைபிரிட் கார் வாங்க முடியவில்லையே என்று இனி வருத்தப்பட வேண்டியதில்லை.

ஸ்லீப், ஹைபர்னேட்: எது எதற்கு?

விண்டோஸில் இந்த இரண்டு வசதிகளும் உள்ளன. புதிதாகப் பயன்படுத்துபவர்கள் இவற்றைக் குழப்பிக் கொள்கிறார்கள்.

ஸ்லீப் நிலையில், நீங்கள் திறந்து வைத்த பைல்கள் எல்லாம் ராம் மெமரியில் அப்படியே இருக்கும். ராமுக்கு மட்டும் சிறிது மின்சாரம் சென்று கொண்டிருக்கும். ஏதாவது ஒரு கீயைத் தட்டினால் ஓரிரு விநாடிகளில் விட்ட இடத்தில் இருந்து தொடரலாம். சாப்பிடப் போகும்போதும் கடைக்குச் சென்று வரும்போதும் இது போதும்.

ஹைபர்னேட் நிலையில், ராமில் உள்ள அனைத்தும் ஹார்ட் டிஸ்க்கில் எழுதப்பட்டு, கம்ப்யூட்டர் அணைந்துவிடும். மீண்டும் ஆன் செய்தால் பழைய நிலைக்கு வரும். சற்று நேரம் பிடிக்கும். ஆனால் இடையில் மின்சாரம் போனாலும் உங்கள் பைல்களுக்கு எதுவும் ஆகாது.

"ஸ்லீப்பில் இருக்கும்போது கரண்ட் போய்விட்டால்?" என்று நீங்கள் கேட்பது புரிகிறது. நம் ஊரில் கேட்க வேண்டிய கேள்விதான். இதற்காகவே விண்டோஸ் விஸ்டாவில் ஹைபிரிட் ஸ்லீப் என்ற ஒன்று வந்தது. ஆம், காரைப் போலவே பெயர்! பைல்கள் ராமிலும் இருக்கும், ஹார்ட் டிஸ்க்கிலும் ஒரு நகல் எழுதப்படும். மின்சாரம் இருந்தால் உடனே விழிக்கும். போய் வந்தால் ஹார்ட் டிஸ்க்கில் இருந்து எடுத்துக் கொள்ளும். டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு இதையே நான் பரிந்துரைப்பேன்.

இதனை அமைக்க, கண்ட்ரோல் பேனலைத் திறந்து பவர் ஆப்ஷன்ஸ் செல்லவும். தேர்ந்தெடுக்கப்பட்டுள்ள பிளான் அருகே "சேஞ்ச் பிளான் செட்டிங்ஸ்" என்பதில் கிளிக் செய்திடவும். கிடைக்கும் விண்டோவில், டிஸ்பிளே அணைய 5 நிமிடம், கம்ப்யூட்டர் ஸ்லீப் ஆக 15 நிமிடம் என அமைக்கவும். கீழே "சேஞ்ச் அட்வான்ஸ்டு பவர் செட்டிங்ஸ்" என்பதில் கிளிக் செய்தால் சிறிய பட்டியல் ஒன்று வரும். அதில் ஸ்லீப் என்பதை விரித்து, "அலோ ஹைபிரிட் ஸ்லீப்" என்பதை ஆன் செய்திடவும். சில புதிய லேப்டாப்களில் இந்த வரி காணப்படாது. அவற்றில் பேட்டரியே இருப்பதால் இது தேவைப்படுவதும் இல்லை.

ஷட் டவுன் மெனுவில் ஹைபர்னேட் காணவில்லையா? அதே பவர் ஆப்ஷன்ஸில் இடது பக்கம் உள்ள "சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டு" என்பதில் கிளிக் செய்து, தொடர்ந்து "சேஞ்ச் செட்டிங்ஸ் தட் ஆர் கரண்ட்லி அன்அவைலபிள்" என்பதைத் தட்டவும். கீழே ஹைபர்னேட் அருகே உள்ள கட்டத்தில் டிக் அடித்து, சேவ் செய்து வெளியேறவும்.

அடிக்கடி ஆன், ஆப் செய்தால் அதிக மின்சாரம் இழுக்கும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். கம்ப்யூட்டர் இயங்கத் தொடங்கும் ஓரிரு நிமிடங்களில் ஆகும் செலவு, அது சில நிமிடங்கள் சும்மா நிற்பதற்குச் சமம். அவ்வளவுதான்.

சுற்றி இருப்பவை

மோடம், ஸ்பீக்கர், பிரிண்டர் எல்லாவற்றையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் மாட்டி, இரவில் ஒரே சுவிட்சில் நிறுத்திவிடலாம். வைஃபை மோடம் 10 வாட் எடுத்தாலும் 24 மணி நேரமும் ஓடுவதால் ஆண்டுக்கு 80 யூனிட்டைத் தாண்டிவிடும். ஒரு எச்சரிக்கை: இங்க் ஜெட் பிரிண்டரை முதலில் அதன் பட்டனை அழுத்தி அணைத்த பிறகே சுவிட்சை நிறுத்தவும். அப்போதுதான் அதன் ஹெட் மூடிக்குள் சென்று அமரும். இல்லையேல் மை உலர்ந்து அடைத்துக் கொள்ளும். மிச்சம் பிடித்த கரண்ட் காசு கார்ட்ரிட்ஜுக்குப் போய்விடும். மானிட்டரின் பிரைட்னஸைக் குறைத்தாலும் மின்சாரம் மிச்சம். கண்ணுக்கும் இதம். ஆனால் கறுப்பு வால்பேப்பர் வைத்தால் கரண்ட் குறையும் என்பது ஓஎல்இடி திரைகளுக்குத்தான் பொருந்தும். சாதாரண எல்இடி மானிட்டரில் பின்னால் எரியும் விளக்கு, கறுப்புக்கும் வெள்ளைக்கும் ஒன்றாகவே எரிகிறது.

வாங்கும்போது

இன்னும் வாங்கவில்லை, யோசித்துக் கொண்டிருக்கிறேன் என்பவர்களுக்கு: கேம்ஸ் விளையாடப் போவதில்லை என்றால் தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டாம். டெஸ்க்டாப் அசெம்பிள் செய்தால், எஸ்எம்பிஎஸ்ஸில் "80 பிளஸ்" முத்திரை உள்ளதா எனப் பார்க்கவும். 2004ல் தொடங்கிய திட்டம் இது. சுவரில் இருந்து இழுக்கும் மின்சாரத்தில் 80 சதவீதமாவது கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரும் என்பதற்கு இது அடையாளம். மீதிதான் சூடாக வீணாகும். கடைக்காரர் கேபினட்டுடன் சேர்த்துத் தரும் மலிவான எஸ்எம்பிஎஸ்களில் இந்த முத்திரை பெரும்பாலும் இருக்காது. மானிட்டருக்கு எனர்ஜி ஸ்டார் முத்திரையைப் பார்க்கலாம். அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 1992ல் இதைத் தொடங்கியபோது முதலில் இடம் பெற்றவை கம்ப்யூட்டரும் மானிட்டரும்தான்.

எழுத்து வேலை, இன்டர்நெட், பிள்ளைகளின் படிப்பு என்று மட்டும் இருந்தால் லேப்டாப் சிறந்தது. டெஸ்க்டாப் 80 வாட் எடுக்கும் வேலையை அது 15 முதல் 25 வாட்டில் முடித்துவிடும்.

ஆனால் இங்கே இன்னொரு கணக்கும் உள்ளது. லேப்டாப் நிறுவனங்களே வெளியிடும் அறிக்கைகளைப் பார்த்தால், ஒரு லேப்டாப்பின் ஆயுள் முழுவதும் அதனால் உண்டாகும் புகையில் பாதிக்கும் மேல், நீங்கள் அதை முதன் முதலாக ஆன் செய்யும் முன்பே வெளியாகி விடுகிறது. சிப், திரை, பேட்டரி ஆகியவற்றைத் தயாரிக்க அவ்வளவு மின்சாரமும் எரிபொருளும் தேவைப்படுகின்றன. எனவே டெஸ்க்டாப்பில் நீங்கள் அதை எப்படி ஓட்டுகிறீர்கள் என்பது முக்கியம். லேப்டாப்பில் எத்தனை ஆண்டுகள் வைத்திருக்கிறீர்கள் என்பதே முக்கியம். மூன்று ஆண்டுக்கு ஒன்று மாற்றுபவர் ஆறு ஆண்டு பயன்படுத்தினால், ஒரு லேப்டாப் தயாரிப்பே மிச்சம். இதற்கு முன் எந்த செட்டிங்ஸும் ஈடாகாது.

பழையது மெதுவாகிவிட்டதா? தூக்கி எறியும் முன் இரண்டு காரியம் செய்து பார்க்கவும். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடவும். மதர்போர்டில் இடம் இருந்தால் ராமைக் கூட்டவும். புதியதின் விலையில் சிறு பகுதியில் முடிந்துவிடும். விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவச ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியபோது, விண்டோஸ் 11க்குத் தகுதி பெறாத பல கம்ப்யூட்டர்கள், நன்றாக ஓடிக் கொண்டிருக்கும்போதே "காலாவதி" ஆயின. அவற்றில் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச சிஸ்டத்தை நிறுவிப் பயன்படுத்தலாம். இன்டர்நெட் பார்க்கவும் கடிதம் எழுதவும் அது தாராளமாகப் போதும்.

கடைசியில் உண்மையிலேயே போக வேண்டிய நேரம் வந்தால், காயலான் கடைக்குப் போட வேண்டாம். செம்புக்காக ஒயர்களைத் திறந்தவெளியில் எரிக்கும் இடங்களுக்கு அது போய்ச் சேரலாம். பழைய சிஆர்டி மானிட்டரின் கண்ணாடியில் ஈயம் வேறு உள்ளது. மின்னணுக் கழிவுகளுக்கான விதிகள் நம் நாட்டில் 2012 முதலே நடைமுறையில் உள்ளன. 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த புதிய விதிகளின்படி, விற்ற பொருட்கள் பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்கள் மூலம் அழிக்கப்படுவதற்குத் தயாரிப்பாளரே பொறுப்பு. பெரிய நிறுவனங்களின் இணைய தளங்களில் பழைய பொருளைத் திரும்பக் கொடுப்பதற்கான பகுதி இருக்கும். அங்கே பதிவு செய்திடவும்.

கொடுக்கும் முன் உங்கள் போட்டோக்களையும் பைல்களையும் வேறு டிஸ்க்கில் எடுத்து வைத்துக் கொண்டு, செட்டிங்ஸில் "ரீசெட் திஸ் பிசி" சென்று, "ரிமூவ் எவ்ரிதிங்" என்பதைத் தேர்ந்தெடுத்து, "கிளீன் டேட்டா" என்பதையும் ஆன் செய்திடவும். டெலிட் கீ மட்டும் அழுத்தினால் பைல்கள் முழுமையாக அழியாது. கம்ப்யூட்டரை ஒப்படைத்ததும் ரசீது கேட்டு வாங்கிக் கொள்ளவும்.