தீராத வெயிலும் தீரும் நீரும்

ஞாயிறும் காற்றும் எடுக்க எடுக்கக் குறையாத ஆற்றல்கள். நிலக்கரியும் எண்ணெயும் போல இவை ஒரு காலத்தில் தீர்ந்தொழிவன அல்ல. நமது குடாநாட்டிலும் இவற்றின் பயன் பெருகி வருகின்றது. பளைப் பகுதியிற் காற்றாலைகள் சுழல்கின்றன. 2016 இல் அரசு தொடங்கிய திட்டத்தின்பின் வீட்டுக் கூரைகளிற் சூரிய மின்தகடுகள் பல்கின. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்குக் காற்றையும் வெயிலையும் கொண்டு மின்னளிக்கும் திட்டத்துக்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று.

பாடசாலைகளிலுள்ள சுற்றாடல் முன்னோடிக் குழுக்களும் விஞ்ஞானக் கழகங்களும் இவற்றின் சிறப்பை ஊராருக்கு எடுத்துரைத்தல் நன்று. ஆயினும், நம் மண்ணுக்குரிய ஓர் உண்மையையும் உடன்கூறுதல் அவற்றின் கடமையாகும்.

குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மழைநீர் சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. புத்தூர்ப் பகுதியிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தே உவர்நீரும் இருத்தல் இதற்குச் சான்று. நன்னீரின் அடர்த்தி 1.000, கடல்நீரினது ஏறத்தாழ 1.025. இவ்வேறுபாட்டினால், நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நிற்குமாயின், கீழே ஏறக்குறைய 40 அடிவரை நன்னீரே நிற்கும். கைபென், ஹேர்ஸ்பேர்க் என்னும் அறிஞர் இருவர் கண்ட விதி இது. மிகையாக இறைத்து அவ்வோரடியை இழப்பின், உவர்நீர் அந்த 40 அடியும் மேலேற முற்படும். உவரேறிய கிணறு வெங்காயத்துக்கும் உதவாது, குடிக்கவும் உதவாது.

துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே இறைப்புக்கு வரம்பாக இருந்தது. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் எண்ணெயின் விலை வரம்பாயிற்று. சூரிய விசையாலியங்கும் பம்பியோ வெயிலுள்ள பொழுதெல்லாம் எரிபொருட் செலவின்றி ஓடும். களைப்பும் செலவும் தடுக்காதவிடத்து, அறிவுதான் தடுத்தல் வேண்டும்.

ஆதலின், மாணவர் கழகம் தன் அயலிலுள்ள சில கிணறுகளைத் தெரிந்து, மாதந்தோறும் நீர்மட்டத்தைக் கயிறிட்டு அளந்து, உவர்த்தன்மையையும் சோதித்து, கண்ட அளவுகளைச் சனசமூக நிலையத்தில் எழுதிவைக்கலாம். சூரியப் பம்பி பொருத்துவோரிடம் சொட்டுநீர்ப் பாசனத்தின் பயனை விளக்கலாம். மாரி வருமுன் ஊர்க் குளங்களையும் கேணிகளையும் தூர்வாரும் பணியில் ஊராரோடு கைகோக்கலாம்.

மாணவர்காள்! வெயிலை எவ்வளவு எடுப்பினும் நாளையும் அது வரும். கிணற்று நீரோ மழை கொடுத்த அளவினதே. இவ்விரண்டையும் வேறுபிரித்து ஊருக்கு உணர்த்துவதே உங்கள் கழகத்தின் முதற்பணியாகுக.