ஜிப்சம் போர்ட் இணைப்பும் உப்புத் தண்ணீரும்

ஹாட்வெயார் வியாபாரிகளும் சிறு கொந்தராத்துக்காரர்களும் ஜிப்சம் பலகையின் விலையைத்தான் பேரம் பேசுவார்கள். நட்டம் வருவதோ, இரு பலகைகள் சேரும் இடத்தில் டேப் ஒட்டிப் பூசும் கலவையில். வேலணைத் தீவின் சாட்டிக் கடற்கரைப் பக்கம் வேலை எடுப்பவர்களுக்கு இதை அடிக்கடி சொல்கிறேன்.

கலவை இரண்டு வகை. தூளாக வருவது தண்ணீர் பட்டதும் இறுகும். வாளியில் தயாராக வருவது காற்றில் காயும். கடற்காற்றில் ஈரம் அதிகம் என்பதால் இரண்டாவது வகை தாமதமாகும். ஒரு பூச்சு காயாமல் அடுத்ததைப் பூசினால் பிறகு சுருங்கி வெடிக்கும். கூலி நாட்களைக் கணக்கிட்ட பிறகே விலை சொல்லுங்கள். வலை டேப்புக்கு இறுகும் வகையே பொருத்தம்.

தூளைத் தண்ணீரில் தூவிச் சில நிமிடம் ஊறவிட்டு மெதுவாகக் கலக்க வேண்டும். வாளியில் பழைய கலவை ஒட்டியிருந்தால் புதியதும் அவசரமாக இறுகிவிடும். இறுகத் தொடங்கியதில் மறுபடி தண்ணீர் ஊற்றினால் பலம் போய்விடும்.

தீவுப்பகுதியில் பல கிணறுகள் உவர். நல்ல தண்ணீருக்குப் பேர்போன சாட்டியில்கூட, வாயில் வைத்துப் பார்க்காமல் கலவைக்கு ஊற்ற விடமாட்டேன். உப்பு கலவையை விரைவாக இறுக்கும்; பின்னர் பெயின்டின் மேல் வெள்ளையாகப் பூக்கும். வாடிக்கையாளர் திட்டுவது கிணற்றையல்ல, நம்மைத்தான்.

மூட்டைகளைச் சுவரிலிருந்து தள்ளி, பலகை மேல் அடுக்குங்கள். முந்தி வந்தது முந்திப் போகட்டும். கட்டிபட்ட பையை நான் பாதி விலைக்கும் கொடுப்பதில்லை.