சுரம் படிக்கும் கண்கள்

லாலாகுடா தொடர்வண்டிப் பணிமனைப் பகுதியில் வயலின் கற்கத் தொடங்கும் தமிழ்ச் சிறுமி ஒருத்தியை எண்ணிப் பார்ப்போம். அவள் வீட்டில் தமிழும் தெருவில் தெலுங்கும் பள்ளியில் இந்தியும் படிக்கிறாள். இசை வகுப்பில் மேலும் ஓர் எழுத்துமுறை அவளுக்காகக் காத்திருக்கிறது. அதுவே சுரக்குறிப்பு.

ச ரி க ம | ப த | நி ச̇ ||

இஃது ஆதி தாளத்தில் அமைந்த சரளி வரிசையின் முதல் அடி. ஒவ்வொரு குறிலும் ஓர் அட்சரம் ஒலிக்கும். 'சா' என நெடிலானால் இரண்டு அட்சரம். எழுத்தின்மேல் உள்ள புள்ளி மேல் ஸ்தாயியைக் காட்டும். இரட்டைக் கோடு தாளவட்டம் முடிந்ததை உணர்த்தும்.

நல்லாசிரியர் ஏட்டை முதலில் திறப்பதில்லை. மாணவி பாடுகிறாள், கையால் தாளம் போடுகிறாள், பின்னரே தான் பாடியதை எழுத்தில் காண்கிறாள். பேசக் கற்ற குழந்தையே படிக்கக் கற்கிறது அன்றோ!

செவிவழியே போதாதா? போதாது என்பதற்கு எட்டயபுரம் சான்று. கருநாடக இசைக்கு வயலினைக் கொணர்ந்த முன்னோடி பாலுசுவாமி தீட்சிதர். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி. அவருடைய பேரரும் தத்துப்பிள்ளையுமான சுப்பராம தீட்சிதர், குடும்பத்தின் இசைச் செல்வத்தை நெஞ்சில் காத்துவந்தார். அதனை அச்சில் ஏற்றுமாறு சின்னசாமி முதலியார் தூண்டினார். 1904ஆம் ஆண்டு 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' வெளிவந்தது. சுரத்தின் அசைவுகளாகிய கமகங்களுக்கும் அதில் தனிக்குறிகள் உண்டு. 1906இல் தீட்சிதர் மறைந்தார். இரண்டாண்டு தாழ்த்தியிருந்தால் அச்செல்வத்தின் பெரும்பகுதி அவரோடு மறைந்திருக்கலாம்.

தமிழ் மண்ணில் பிறந்த அந்நூல் தெலுங்கு எழுத்தில் அச்சானது; பின்னர்த் தமிழ் எழுத்திலும் வந்தது. லாலாகுடாச் சிறுமி இரண்டையும் படிக்க வல்லவள். ஆயினும் கமகத்தின் குழைவை அவள் ஆசிரியரிடம் கேட்டே அறிதல் வேண்டும். ஏடு நினைவூட்டும், செவி உயிரூட்டும்.

சொற்பொருள்
அட்சரம் – தாளத்தின் கால அளவு
கமகம் – சுரத்தை அசைத்தும் குழைத்தும் இசைத்தல்
தாழ்த்துதல் – காலம் கடத்துதல்

பயிற்சி
1. 'ச', 'சா' இரண்டிற்கும் கால அளவில் உள்ள வேறுபாடு யாது?
2. சரளி வரிசையின் முதல் அடியைத் தாளமிட்டுப் பாடுக, பின்னர் எழுதுக.
3. 'ஏடு நினைவூட்டும், செவி உயிரூட்டும்' – ஐந்து வரிகளில் விளக்குக.
4. பிரித்து எழுதுக: நல்லாசிரியர், அந்நூல்.