தீவுப்பகுதியின் உறுப்பினர்: சேர். வைத்திலிங்கம் துரைசுவாமி

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே பாக்குநீரிணையில் வரிசையாய்க் கிடக்கும் தீவுகளை நம்மவர் தீவுப்பகுதி என்றே வழங்குவர். வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு என்பன அவற்றுட் சில. ஒல்லாந்தர் இவற்றுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். வேலணை லைடன் ஆயிற்று. அனலைதீவு றொட்டர்டாம் ஆயிற்று. நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் என்ற பெயர் மட்டும் இன்றளவும் தேசப்படங்களில் நிலைத்திருக்கின்றது. இத்தீவுகளிற் பலவற்றை ஒரு தொகுதியாகக் கட்டி, அதற்கு ஊர்காவற்றுறை எனப் பெயரிட்டு, ஓர் உறுப்பினரை அனுப்பும் உரிமையை அளித்தது டொனமூர் அரசியல் யாப்பாகும். அவ்வாறு சென்றவர்களுள் தலையாயவர் சேர். வைத்திலிங்கம் துரைசுவாமி. அன்னாரது பொதுவாழ்வை மாணவர் ஆராய்ந்து நோக்குதல் தகும் என்பது எம் கருத்து.

துரைசுவாமி அவர்கள் 1874ஆம் ஆண்டு வேலணையைச் சேர்ந்த குடும்பத்திலே பிறந்தவர். அக்காலத்தில் இலங்கையிற் பல்கலைக்கழகம் இல்லை. உயர்கல்வியை நாடிய யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் இந்தியப் பல்கலைக்கழகங்களையே நோக்கினர். அவரும் கல்கத்தாப் பல்கலைக்கழகத்துப் பட்டம் பெற்று மீண்டு, சட்டம் பயின்று நியாயதுரந்தரர் ஆனார். நியாயதுரந்தரர் என்பது ஏட்டுவழக்கு. மக்கள் வாயில் அது அப்புக்காத்து என்றே வழங்கிற்று. காணிப் பங்கு, வேலித் தகராறு, ஈட்டுறுதி, சீதனம் என வழக்குகளுக்குக் குறைவில்லாத நாட்டில், அப்புக்காத்து ஒருவர் ஊர் ஊராக மக்களின் குறைகளைக் கேட்டறிந்தவராய் இருந்தார். ஆட்சிமொழியாகிய ஆங்கிலத்தில் அவற்றை எடுத்துரைக்கும் பயிற்சியும் அவரிடம் இருந்தது. நியாயத் தலத்திலிருந்து சட்டமியற்றும் சபைக்குச் சென்ற வழி அக்காலத்தில் நெடுந்தூரமன்று. சேர். பொன்னம்பலம் இராமநாதன் முதலியோரும் அவ்வழியே சென்றவர்கள்.

1921ஆம் ஆண்டிலே துரைசுவாமி அவர்கள் வடமாகாணத்தின் பிரதிநிதியாகச் சட்டநிரூபண சபை புகுந்தார். அக்காலத்து வாக்குரிமை கல்வியும் சொத்தும் உடைய ஆடவர் சிலருக்கே உரியது. 1931இல் டொனமூர் யாப்பு ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை வழங்கிய பொழுது, யாழ்ப்பாணம் வியத்தகு காரியம் ஒன்றைச் செய்தது. பூரண சுயராச்சியம் அளிக்காத யாப்பு எமக்கு வேண்டாம் என யாழ்ப்பாண வாலிப காங்கிரசார் பகிஷ்கரிப்பை வேண்டினர். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, நமது பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் வேட்புமனு ஒன்றேனும் சமர்ப்பிக்கப்படவில்லை. மூத்த அரசியலாளரும் இளைஞர்களின் குரலுக்குப் பணிந்தனர். அதன் பயன் யாதெனின், முதன்முதல் வாக்குரிமை பெற்ற நெடுந்தீவுப் பெண்ணொருத்தி அவ்வுரிமையைப் பயன்படுத்த மூன்றாண்டு காத்திருக்க நேர்ந்தது! 1934இல் இடைத்தேர்தல்கள் நிகழ்ந்தன. பருத்தித்துறைக்கு ஜி. ஜி. பொன்னம்பலம் தெரிவானார். ஊர்காவற்றுறைக்கு, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியின் அதிபராய் விளங்கிய நெவின்ஸ் செல்வதுரை தெரிவானார்.

1936ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் ஊர்காவற்றுறை துரைசுவாமி அவர்களைத் தெரிந்தது. புதிய அரசாங்க சபை கூடியதும் அவரையே சபாநாயகராகத் தேர்ந்தது. அப்பதவியில் 1947 வரை, பதினோராண்டு, அவர் வீற்றிருந்தார். அவருக்கு முன் அப்பதவி வகித்த மொலமுறே, ஒபயசேகர ஆகிய இருவரும் தத்தமக்குச் சில ஆண்டுகளே இருந்தவர்கள்.

இங்கே நாம் சற்று நின்று நோக்கவேண்டும். டொனமூர் யாப்பு இன்றைய மந்திரிசபை முறையைப் போன்றதன்று. சபையின் உறுப்பினர் ஏழு நிருவாகக் குழுக்களாகப் பிரிந்தனர். கல்வி, சுகாதாரம், விவசாயம், உள்ளூராட்சி, போக்குவரத்து முதலிய ஒவ்வொன்றுக்கும் ஒரு குழு இருந்தது. ஒவ்வொரு குழுவும் தன் தலைவரைத் தெரிய, அவரே மந்திரியானார். ஆகவே சாதாரண உறுப்பினர் ஒருவரும் தன் தொகுதிக்கு ஒரு பாலமோ, பாடசாலையோ, வைத்தியசாலையோ வேண்டுமாயின் குழுவில் இருந்து வாதாடலாம். சபாநாயகர் மட்டும் எக்குழுவிலும் அங்கத்தவர் அல்லர். விவாதத்தில் அவர் பேசுவதுமில்லை. நம் மாணவர் சங்கக் கூட்டத்தில், நன்கு பேசவல்லவனைத் தலைவனாக்கிவிட்டு, அன்று அவன் வாய்திறக்க இயலாது இருப்பதைக் கண்டு நகைத்திருக்கின்றோம் அல்லவா? அஃதே நிலை. கிணற்றில் உவர்நீர் ஊறும், கடல் கொந்தளித்தால் நோயாளியைத் தோணியில் ஏற்ற இயலாத தீவுகளுக்கு, இது சிறிய இழப்பன்று.

பெருமையும் இழப்பும் ஒன்றாய் வந்த ஆண்டு 1936. அவ்வாண்டு அமைந்த மந்திரிகள் எழுவரும் சிங்களவர். தமிழர் ஒருவரேனும் இலர். 1942இல் அருணாசலம் மகாதேவா உள்நாட்டு மந்திரியாகும்வரை இந்நிலை நீடித்தது. மந்திரிப்பதவி மறுக்கப்பட்ட அதே சபையில், ஆசனங்களுள் உயர்ந்த ஆசனத்தில் தமிழர் ஒருவர் இருந்தார். இதனை நல்லெண்ணத்தின் அறிகுறி என்று கொண்டாரும் உளர். அதிகாரமற்ற அலங்காரம் என்று கொண்டாரும் உளர். இரண்டிலும் உண்மை உண்டு எனினும், பின்னதே வலிதென எமக்குத் தோன்றுகின்றது. ஆயினும் அக்குறை ஆசனத்தினுடையதேயன்றி அமர்ந்தவருடையதன்று.

அவர் முன்னிலையில் நிகழ்ந்த விவாதங்களை எண்ணிப் பார்த்தால், அந்த மௌனத்தின் பாரம் விளங்கும். 1939இல் பருத்தித்துறை உறுப்பினர் பொன்னம்பலம் சமபல பிரதிநிதித்துவம் கோரி நெடுநேரம் பேசினார்; ஐம்பதுக்கு ஐம்பது என அக்கோரிக்கை பெயர்பெற்றது. 1944 மே மாதத்தில் சிங்களத்தை அரசகரும மொழியாக்கவேண்டும் என்ற ஜே. ஆர். ஜயவர்த்தனவின் பிரேரணை, வி. நல்லையா முதலியோர் முயற்சியால் தமிழையும் சேர்த்துத் திருத்தப்பட்டு நிறைவேறிற்று. 1945 நவம்பரில் சோல்பரித் திட்டத்தை ஒட்டிய வெள்ளை அறிக்கையை 51 வாக்குகள் ஏற்றன. 3 வாக்குகளே எதிர்த்தன. தம் இனத்தின் தலைவிதியை நிருணயிக்கும் வாதங்களைக் கேட்டுக்கொண்டு, இருபக்கத்தாருக்கும் நேரம் பங்கிட்டு, ஒழுங்கு காத்து, ஒரு சொல்லும் தமக்கெனச் சொல்லாதிருத்தல் எளிதான காரியமா? எதிரியின் வாதத்தையும் இடைமறியாது கேட்டுப் பழகிய நியாயதுரந்தரருக்கே அது கைவரும்.

1947இல் அரசாங்க சபை மறைந்து பாராளுமன்றம் பிறந்தது. ஊர்காவற்றுறையின் முதற் பாராளுமன்ற உறுப்பினர் வணிகராகிய ஏ. எல். தம்பிஐயா. 1956இல் தமிழரசுக் கட்சியின் வி. ஏ. கந்தையா தெரிவானார். 1963இல் அவர் மறைய, கரம்பனைச் சேர்ந்த சட்டத்தரணி வி. நவரத்தினம் இடைத்தேர்தலில் வென்றார். துரைசுவாமி அவர்களோடு ஒப்புநோக்க ஏற்றவர் இவரே. முன்னவர் பேசாதிருத்தலைக் கடமையாகக் கொண்டார். பின்னவர் பேசாதிருக்க இயலாதவர். 1957இல் பண்டாரநாயக்க – செல்வநாயகம் உடன்படிக்கைக்கான பேச்சுகளில் சட்ட அறிவால் துணைநின்ற நவரத்தினம், 1968இல் ஆட்களைப் பதிவுசெய்யும் சட்டமூலத்தை எதிர்த்துத் தம் கட்சியோடே முரண்பட்டு அதினின்றும் நீங்கினார். தமிழர் சுயாட்சிக் கழகம் என்ற புதிய அமைப்பைத் தொடங்கி 1970இல் போட்டியிட்டபொழுது, தீவுமக்கள் தமிழரசுக் கட்சியின் க. பொ. இரத்தினம் அவர்களையே தெரிந்தனர். நவரத்தினம் 2006இல் கனடாவிற் காலமானார்.

துரைசுவாமி அவர்கள் 1966இல் இறைவனடி சேர்ந்தார். ஊர்காவற்றுறைக்கெனத் தனி உறுப்பினரை அனுப்பும் முறையும் பின்னர் ஒழிந்தது. 1989ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல் முதலாக, விகிதாசார முறைப்படி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் முழுவதற்கும் சேர்த்தே உறுப்பினர் தெரியப்படுகின்றனர். வேலணையும் புங்குடுதீவும் இன்று தாம்போதிகளாற் குடாநாட்டோடு இணைந்துள்ளன. நெடுந்தீவார் யாழ்ப்பாணம் வருவதற்கு இப்பொழுதும் குறிகட்டுவான் துறைவரை படகேறியே வரவேண்டும்.