வெள்ளை டிரஃபிளின் வாசம்: மண் தந்ததா, உயிர் தந்ததா?

மாணவர்களே, டிரஃபிள் என்றதும் உங்களில் பலருக்குச் சாக்லெட் உருண்டைதான் நினைவுக்கு வரும். அந்த இனிப்புக்குப் பெயர் கொடுத்தது மண்ணுக்கடியில் விளையும் ஒரு பூஞ்சை. பார்ப்பதற்குக் கோணல்மாணலான உருளைக்கிழங்கைப் போல இருக்கும். அவற்றுள் மிக விலை உயர்ந்தது வெள்ளை டிரஃபிள். அறிவியல் பெயர் டியூபர் மேக்னாட்டம். இத்தாலியின் ஆல்பா நகரம் இதற்குப் பெயர் பெற்றது. ஆனால், குரோவேஷியாவின் இஸ்திரியா போன்ற இடங்களிலும் இதே இனம் விளைகிறது. ஆல்பா என்ற பெயர் ஒட்டிக்கொண்டால் விலை ஏறும். அதனால் வேறு ஊர்ச் சரக்கு அந்தப் பெயரில் விலைபோனால் நஷ்டம் வாங்குபவருக்குத்தான். முகர்ந்து பார்த்தே ஊரைச் சொல்லிவிட முடியுமா?

முதலில், ஒரு பூஞ்சைக்கு இவ்வளவு வாசம் எதற்கு? தரைக்கு மேல் முளைக்கும் காளான் தன் வித்துகளைக் காற்றில் பறக்க விடுகிறது. புதைந்து கிடக்கும் டிரஃபிளுக்கு அந்த வசதி இல்லை. ஏதாவது ஒரு விலங்கு தோண்டித் தின்ன வேண்டும். செரிக்காத வித்துகள் சாணத்தோடு வேறிடத்தில் விழ வேண்டும். ஆக, வாசம் என்பது விலங்குக்கு அனுப்பும் அழைப்பு. ஆண் பன்றியிடம் சுரக்கும் ஒரு பொருள் டிரஃபிளிலும் இருப்பதால்தான் பெண் பன்றி அதைத் தேடுகிறது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். கேட்கச் சுவையான கதைதான். ஆனால், 1990-இல் பிரான்சில் கறுப்பு டிரஃபிளை வைத்துச் செய்த சோதனையில், விலங்குகளை இழுத்தது டைமெத்தில் சல்பைடு என்ற எளிய கந்தகச் சேர்மம் என்று தெரிந்தது. இத்தாலியில் இப்போது பன்றிக்கு வேலை இல்லை. 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி பழக்கப்பட்ட நாயோடுதான் தேட வேண்டும்.

வெள்ளை டிரஃபிளின் தனி அடையாளம் இன்னொரு கந்தகச் சேர்மம்: பிஸ்-மெத்தில்தயோ-மீத்தேன். நடுவில் ஒரு கார்பன், அதன் இருபுறமும் ஒவ்வொரு கந்தக அணு, இரு முனைகளிலும் ஒவ்வொரு மெத்தில் தொகுதி. தாளில் வரைந்து பாருங்கள், ஒரு நிமிட வேலைதான். பூண்டை நினைவூட்டும் வாசம் இதனுடையது. நம் டுரியானின் நெடியிலும் கந்தகச் சேர்மங்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதால் உங்களுக்கு இது முற்றிலும் அந்நியமல்ல! டிரஃபிளின் கந்தக வாசப் பொருள்கள் பெரும்பாலும் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் சிதைவதால் உருவாகின்றன.

சிதைப்பது யார்? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. டிரஃபிள் தனி உயிர் அல்ல. அதன் உள்ளே ஏராளமான பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. டியூபர் போர்கி என்ற நெருங்கிய இனத்தில், வாசத்துக்குக் காரணமான சில கந்தகச் சேர்மங்களை உருவாக்குபவை அந்தப் பாக்டீரியாக்களே என்று 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது. சுற்றியுள்ள மண் மாறினால் உள்ளே குடியேறும் பாக்டீரியாக்களும் மாறலாம். அப்படியானால் ஊருக்கும் வாசத்துக்கும் தொடர்பு இருக்க வழி உண்டு.

ஆனால் அவசரப்படாதீர்கள். பூஞ்சையின் மரபணுவும் பேசுகிறது. பர்கண்டி டிரஃபிளில், எட்டுக் கார்பன் கொண்ட வாசப் பொருள்களின் அளவு மரபணு வகைக்கு ஏற்ப வேறுபடுவதைக் கண்டார்கள். முதிர்ச்சியும் ஒரு காரணி. தோண்டி எடுத்து எத்தனை நாள் ஆயிற்று என்பதும் அப்படியே. சில நாள்களிலேயே வாசம் மங்கி வேறாகிவிடும். நேற்று எடுத்த ஆல்பா டிரஃபிளையும் ஒரு வாரம் பழைய இஸ்திரியா டிரஃபிளையும் ஒப்பிட்டுவிட்டு, வேறுபாட்டுக்கு ஊர்தான் காரணம் என்று சொன்னால் உங்கள் ஆசிரியர் மதிப்பெண் தரமாட்டார். ஊர் தற்சார்பு மாறி, வாசம் சார்பு மாறி என்றால், முதிர்ச்சியும் நாள் கணக்கும் கட்டுப்படுத்தப்பட்ட மாறிகளாக இருக்க வேண்டும்.

எனவே மூக்கை மட்டும் நம்ப முடியாது. ஆய்வகங்களில் வாசத்தை வாயு நிறப்பிரிகைக் கருவியில் செலுத்தி, பல சேர்மங்களின் அளவை ஒருசேர ஒப்பிடுகிறார்கள். மண்ணும் மழைநீரும் விட்டுச்செல்லும் ஐசோடோப்பு விகிதங்களையும் அளக்கிறார்கள். ஒரே இனத்தை வேறு நாட்டு மண்ணில் வளர்த்துப் பார்க்கவும் இப்போது வாய்ப்பு பிறந்துள்ளது. வேரில் இந்தப் பூஞ்சையை ஏற்றிய மரக்கன்றுகளைப் பிரான்சில் நட்ட தோட்டம் ஒன்றில் 2019-இல் மூன்று, 2020-இல் நான்கு வெள்ளை டிரஃபிள்கள் கிடைத்தன. இயற்கை எல்லைக்கு வெளியே இது முதல் விளைச்சல்.

உணவகத்தில் டிரஃபிள் எண்ணெய் தெளித்த உருளைக்கிழங்கு வறுவலைச் சாப்பிட்டிருப்பீர்கள். அத்தகைய எண்ணெய் பலவற்றில் டிரஃபிளின் வாசத்தைத் தருவது தொழிற்சாலையில் தயாரித்த பிஸ்-மெத்தில்தயோ-மீத்தேன்தான். அந்தப் போத்தலில் பாக்டீரியாவும் இல்லை, ஊரும் இல்லை.