அறுபத்துமூவருக்குத் தம்ளரோடு போங்கள்

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் பங்குனிப் பெருவிழாவை யாரும் சுற்றுச்சூழல் விழா என்று விளம்பரம் செய்வதில்லை. ஆனாலும் வெயில் ஏறத் தொடங்கும் மார்ச், ஏப்ரலில், டிக்கெட் எதுவும் இல்லாமல் பத்து நாள் தெருவில் நடக்கும் இந்த விழாவுக்குப் போய்க் குப்பை போடாமல் திரும்பி வந்துவிட்டால், இந்த ஊரில் வேறு எந்த விழாவும் உங்களுக்குச் சுலபம்தான்.

எந்த நாள் போவது? மூன்றாம் நாள் விடியலில் அதிகாரநந்தி வாகனம். கூட்டம் ஒவ்வாதவர்களும் குழந்தைகளோடு வருகிறவர்களும் இதைத் தேர்ந்தெடுக்கலாம். வெயிலுக்கு முன் வீடு திரும்பிவிடலாம். ஐந்தாம் நாள் இரவு வெள்ளி ரிஷப வாகனம், ஏழாம் நாள் காலை தேர், பத்தாம் நாள் திருக்கல்யாணம். ஒரே நாள்தான் வர முடியும் என்றால் யோசிக்கவே வேண்டாம், எட்டாம் நாள் பிற்பகல் அறுபத்துமூவருக்கு வாருங்கள். அறுபத்து மூன்று நாயன்மார்களின் பல்லக்குகள் வரிசையாக மாடவீதிகளைச் சுற்றி வரும்.

வண்டியை எடுக்காதீர்கள். அன்று மாடவீதிகளுக்குள் விடமாட்டார்கள்; லஸ் பக்கம் மெட்ரோ வேலை வேறு. அடையாறிலிருந்து வருவோர் கஸ்தூரிபா நகரில் பறக்கும் ரயில் ஏறினால் திருமயிலையில் இறங்கி நடக்கலாம். தி.நகர்க்காரர்களுக்கு பஸ்தான்.

இனி சாப்பாடு. எட்டாம் நாள் காலையில், திருஞானசம்பந்தர் பதிகம் பாடி, இறந்துபோன பூம்பாவை என்ற பெண்ணை உயிர்ப்பித்த நிகழ்ச்சியை நடத்துவார்கள். அந்தப் பதிகம் மயிலையின் விழாக்களை வரிசையாகச் சொல்கிறது. பங்குனி உத்திரமும் அதில் உண்டு. முதல் பாட்டே அடியார்களுக்கு அமுது படைப்பதைப் பற்றியது. ஆக, மயிலை விழாவில் வருகிறவர்களுக்குச் சோறிடுவது ஏழாம் நூற்றாண்டுப் பாட்டிலேயே இருக்கும் வழக்கம். நீர்மோர், பானகம், சுண்டல், புளியோதரை, கேசரி என்று வாசலுக்கு வாசல் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். கெடுத்தது கப்புதான். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. பேப்பர் கப்தானே என்று சமாதானம் சொல்லாதீர்கள். உள்ளே பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும், தண்ணீர் பாக்கெட்டும் அதே தடைப் பட்டியலில் இருக்கின்றன.

ஆகவே ஒரு எவர்சில்வர் தம்ளர், மூடியுள்ள சின்ன டப்பா, ஒரு ஸ்பூன், தண்ணீர் பாட்டில். எல்லாம் ஒரு மஞ்சப்பையில் அடங்கிவிடும். அரசே 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்கிய பிறகு அதைத் தூக்க வெட்கம் எதற்கு? மோர் ஊற்றுகிற மாமி உங்கள் தம்ளரைப் பார்த்தால் அரைக் கரண்டி கூடவே ஊற்றுவார். ஒன்று மட்டும்: பசிக்கு வாங்குங்கள், கை நீட்டிய இடத்திலெல்லாம் வாங்காதீர்கள். இரவில் தெருவில் மிதிபடுவது கப் மட்டுமல்ல, பாதி தின்று போட்ட சோறும்தான். தொன்னையில் கொடுத்தால் தயங்காமல் வாங்கலாம். தின்று முடித்ததும் பச்சைத் தொட்டியில் போடுங்கள். நீலம் உலர் குப்பைக்கு.

நீங்களே பந்தல் போடுகிறீர்களா? மந்தாரை இலைத் தொன்னை, அலசிக்கொள்ள ஒரு வாளித் தண்ணீர், கடன் வாங்கிய தம்ளர்கள். விலை கூடுதல்தான். அதற்காக ஐந்நூறு பேருக்குப் பதில் நானூறு பேருக்குக் கொடுத்தாலும் புண்ணியம் குறையாது என்பது என் கட்சி.

மாடவீதிக் கடைகளில் மரச்சொப்பு, மண்பொம்மை, பனையோலை விசிறி கிடைக்கும். விசிறியை முதலிலேயே வாங்கிவிடுங்கள், நாலு மணி வெயிலில் அதன் அருமை தெரியும். பிளாஸ்டிக் பீப்பி பக்கம் குழந்தைகளை அழைத்துப் போகாதிருப்பது உங்கள் சாமர்த்தியம்.

திரும்பும்போது திருமயிலை நிலையத்தில் நெரிசல் தாங்காது. தெற்கே பத்துப் பதினைந்து நிமிடம் நடந்து மந்தைவெளியில் ஏறுங்கள்.