காரீயமும் வணிகர் கடமையும்

நம் நன்னிலம் வட்டாரத்தில் ஈயச் சொம்பில் ரசம் வைக்காத பழைய வீடுகள் அரிது. அச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. காரீயம் வேறு உலோகம், நஞ்சு. மணத்தாலோ நிறத்தாலோ உணவில் அதனை அறிய இயலாது. எலும்பில் தங்கிப் பல்லாண்டு நிற்கும். குழந்தைகளின் அறிவு வளர்ச்சியைக் குன்றச் செய்யும். எனவே, விற்கும் பொருளில் அது இருக்குமாயின் முன்னரே அறிவிப்பது யார் கடமை என்னும் வினா எழுகிறது.

விற்பவர் கடமையே என்றது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம். 1986-இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய சட்டப்படி, எச்சரிக்கை அச்சிடாமல் விற்கும் நிறுவனத்தின் மீது பொதுமக்களும் வழக்குத் தொடரலாம். பல வழக்குகள் சமரசத்தில் முடிகின்றன. நிறுவனம் பணம் செலுத்துவதோடு, காரீயத்தைக் குறைக்கவோ எச்சரிக்கை அச்சிடவோ உடன்படும்.

நம் நாட்டுச் சட்டமோ, உணவில் எவ்வளவு காரீயம் இருக்கலாம் என வரம்பு வகுக்கிறது. 2015-இல் மேகி நூடுல்ஸுக்கு அவ்வரம்பு பத்து இலட்சத்தில் 2.5 பங்காக இருந்தது. உத்தரப்பிரதேசத்தில் எடுத்த மாதிரியில் 17.2 பங்கு இருந்ததாகக் கொல்கத்தா ஆய்வகம் அறிவித்தது. 2015 ஜூனில் தமிழ்நாடும் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் தடை விதித்தன. ஆகஸ்ட் 13 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் ஆணையத்தின் தடையை நீக்கியது. நிறுவனத்தின் விளக்கம் கேட்கப்படவில்லை, ஆய்வகங்கள் உரிய அங்கீகாரம் பெறவில்லை என்பன காரணங்கள். நீதிமன்றம் பணித்த மறு ஆய்வில் மூன்று ஆய்வகங்களும் அளவு வரம்புக்குள் இருப்பதாகக் கூறின. நவம்பரில் விற்பனை மீண்டது. மத்திய அரசு 640 கோடி ரூபாய் இழப்பீடு கோரிய மனுவை 2024 ஏப்ரலில் தேசிய நுகர்வோர் ஆணையம் தள்ளுபடி செய்தது.

இதனால் நாம் கற்பது யாது? குறையை மறைத்து விற்பது பொய். சான்றின்றிப் பழி கூறுவதும் பொய். சத்திய அணுவிரதம் இரண்டையும் விலக்குகிறது. ஐயம் தோன்றினால் வதந்தி பரப்பாமல் சான்று தேடுதலே முறை. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு, வாங்கியவரே கட்டணம் செலுத்தி உணவைப் பகுப்பாய்வு செய்விக்க உரிமை தருகிறது. பொருளில் குற்றம் காணப்பட்டால் அக்கட்டணம் திருப்பித் தரப்படும். ஆகவே ரசீதைக் கேட்டு வாங்குவோம். பொட்டலத்தைப் படித்தபின் பிரிப்போம்.

சிறுவர்க்கு வினாக்கள்:
1. வெள்ளீயத்திற்கும் காரீயத்திற்கும் உள்ள வேறுபாடு யாது?
2. பம்பாய் உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது ஏன்?